வண்டி நிற்கும்போதுதான் ஃப்ரிட்ஜ் கெடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகள் திறந்தாயிற்று. கோடை விடுமுறையில் ஊட்டி, வால்பாறை, தனுஷ்கோடி என்று ஓடிய கேம்பர் வேன்களில் பெரும்பாலானவை இனி ஆயுத பூஜை விடுமுறை வரை வீட்டு வாசலிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்திலோதான் நிற்கப் போகின்றன. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியதிலிருந்து நம் பக்கமும் இந்த ஆசை பரவியிருக்கிறது. டெம்போ டிராவலரை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ் என்று கட்டிக்கொள்கிறார்கள். எங்கே போகலாம், எங்கே தங்கலாம் என்று பத்திரிகைகளில் நிறைய வருகிறது. திரும்பி வந்து வண்டியை ஓரங்கட்டும்போது என்ன செய்ய வேண்டும் என்பது வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நிறுத்தி வைத்த வண்டியில் முதலில் கெடுவது ஃப்ரிட்ஜ். கூடவே பேட்டரியையும் இழுத்துக்கொண்டு போகும். காரணம் எளிது. ஃப்ரிட்ஜ் ஒன்று ஒழுங்காக ஓட வேண்டும், இல்லையென்றால் காலியாக, காய்ந்து, கதவு திறந்து, மின்சாரம் முழுக்கத் துண்டிக்கப்பட்டு இருக்க வேண்டும். நம்மவர்கள் செய்வது இரண்டுக்கும் நடுவில் ஒன்று: பட்டனை அணைத்துவிட்டு கதவை இறுக்கச் சாத்திப் பூட்டிவிடுவார்கள். அல்லது "ரெண்டு தண்ணி பாட்டில், ஒரு ஊறுகாய் பாட்டில்தானே இருக்கு, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று விட்டுவிடுவார்கள்.

ஓடட்டும் என்று விடுவதன் கணக்கைப் பார்ப்போம். 50 லிட்டர் அளவுள்ள 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ், கம்ப்ரஸர் ஓடும் நேரத்தில் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். நிழலில் 30 டிகிரி வெப்பத்தில் பாதி நேரம்தான் ஓடும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 48 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரியில் உள்ள மின்சாரத்தை அளக்கும் அலகு). வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். அப்போது கம்ப்ரஸர் ஓய்வே எடுக்காது, செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கூரையில் 100 வாட் சோலார் பேனல் இருக்கிறதே என்பார்கள். தட்டையாகப் பதித்த 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் தருவது 25 முதல் 30 ஏ.எச். மட்டுமே. வண்டிக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டால் அதுவும் கிடையாது. வெறும் தண்ணீர் பாட்டிலுக்காக மூன்றாவது நாளே 100 ஏ.எச். பேட்டரி தரைதட்டும்.

அதற்குத்தான் ஃப்ரிட்ஜிலேயே பேட்டரி பாதுகாப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பல ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் செகாப் (பழைய பெயர் டான்ஃபாஸ்) பி.டி. 35 கம்ப்ரஸரின் கண்ட்ரோல் யூனிட் (கம்ப்ரஸரை இயக்கும் மின்னணுப் பெட்டி), மாற்றியமைக்காதவரை 10.4 வோல்ட்டில் நிற்கும், 11.7 வோல்ட்டில் மறுபடி கிளம்பும். லெட்-ஆசிட் (ஈயத் தகடும் அமிலமும் உள்ள சாதாரண) பேட்டரிக்கு 10.4 என்பது கிட்டத்தட்டக் காலி. அங்கே கம்ப்ரஸர் நின்றதும் சுமை போய்விடுவதால் பேட்டரியின் வோல்ட்டேஜ் தானாகவே மேலே எழும்பும். 11.7-ஐத் தொட்டதும் கம்ப்ரஸர் மறுபடி கிளம்பும். சில நிமிடங்களில் மறுபடி விழும். ஆளில்லாத வண்டிக்குள் இந்தக் கூத்து இரவு பகலாக நடக்கும். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சமும் உறிஞ்சப்பட்டு, தகடுகளில் சல்பேட் படிந்து, வண்டியைத் திறக்கும்போது பேட்டரி சார்ஜ் ஏற மறுக்கும். பழி பேட்டரிக் கடைக்காரர் தலையில் விழும்.

இந்த வரம்பை உயர்த்திக்கொள்ள முடியும். பெட்டி போலத் தூக்கிச் செல்லும் ஃப்ரிட்ஜ்களில் ஹெச், எம், எல் என்று மூன்று நிலை இருக்கும்: வெட்டும் வோல்ட்டேஜ் உயரமாக, நடுத்தரமாக, தாழ்வாக. வண்டியைக் கிளப்பும் பேட்டரியிலேயே இணைத்திருந்தால் ஹெச் நிலையைத் தவிர வேறெதிலும் வைக்கக் கூடாது. பதித்து வைக்கும் ஃப்ரிட்ஜில் கண்ட்ரோல் யூனிட்டின் சி, பி என்ற இரு முனைகளுக்கு நடுவே ரெசிஸ்டர் (மின்தடை) போட்டு மாற்றலாம். எந்த மதிப்புக்கு எத்தனை வோல்ட் என்பது கம்ப்ரஸரோடு வரும் அட்டவணையில் இருக்கும். வண்டி கட்டித் தருபவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். பத்து ரூபாய்கூடப் பெறாத ஒரு ரெசிஸ்டர், பல ஆயிரம் ரூபாய் பேட்டரியைக் காப்பாற்றும்.

அப்படியானால் எப்போது ஓட விடலாம்? அடுத்த பயணம் ஓரிரு நாளில் என்றால், அல்லது வண்டி நிற்கும் இடத்தில் வீட்டு மின்சாரம் கொடுக்க வசதி இருந்தால், ஓட விடுங்கள். வீட்டுக் கரண்டில் அது தின்பது ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்குள்தான், வண்டி நிழலில் நின்றால். உள்ளே இடம் காலியாக இருந்தால் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். குளிர் தங்கும், கம்ப்ரஸர் அடிக்கடி கிளம்பாது. பிளக் கிடையாது, ஓரிரு நாளைக்கு மேல் வண்டி அசையாது என்றால் யோசிக்கவே வேண்டாம், அணைத்துவிட வேண்டியதுதான்.

அணைப்பது என்றால் என்ன என்பதில்தான் பெரிய குழப்பம். முன்பக்கம் இருக்கும் பட்டனை அழுத்தினால் விளக்கு அணையும். உள்ளே இருக்கும் போர்டு விழித்துக்கொண்டுதான் இருக்கும். அது இழுப்பது சொற்பம். ஆனால் வண்டியில் அது மட்டுமா இருக்கிறது? ஸ்டீரியோ, ஜி.பி.எஸ்., கேஸ் கசிவு அலாரம், எல்லாவற்றுக்கும் மேலாக இன்வெர்ட்டர். எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 12 ஏ.எச். நான்கு நாளில் 100 ஏ.எச். பேட்டரியில் பாதி காலி. எனவே பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் வேண்டும். அதை ஃப்ரிட்ஜ், விளக்கு, இன்வெர்ட்டர் போன்ற சுமைகள் போகும் பாதையில் வையுங்கள். சோலார் கண்ட்ரோலருக்கு (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜை ஒழுங்குபடுத்தும் பெட்டி) தனி ஃப்யூஸ் போட்டு நேராகப் பேட்டரியில் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் வண்டி நிற்கும்போது சுமை துண்டிக்கப்பட்டும், பேனல் பேட்டரியைப் பார்த்துக்கொண்டும் இருக்கும். பேட்டரியையே கழற்றுவதாக இருந்தால் முதலில் பேனல் ஒயர், பிறகுதான் பேட்டரி ஒயர். மாற்றிச் செய்தால் கண்ட்ரோலர் புகைந்துவிடும் வாய்ப்பு உண்டு.

ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்வதற்கு வருவோம். பயணம் முடிந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. மறுநாள் என்று தள்ளினால் அடுத்த வாரமாகிவிடும். எல்லாவற்றையும் எடுத்து வெளியே வையுங்கள். ஃப்ரிட்ஜை அணைத்து, கதவைத் திறந்து, ஐஸ் உருகும் வரை காத்திருங்கள். அவசரமென்றால் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் உள்ளே வைக்கலாம். கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ கொண்டு ஐஸைக் குத்தவே கூடாது. ஐஸ் பிடித்திருக்கும் அந்தத் தகடு மெல்லிய அலுமினியம். உள்ளேதான் குளிர்விக்கும் கேஸ் ஓடுகிறது. ஒரு குத்து போதும், "உஸ்" என்ற சத்தத்தோடு ஃப்ரிட்ஜின் கதை முடியும்.

ஐஸ் உருகிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தபின், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து உள்புறம் முழுக்கத் துடையுங்கள். தட்டுகளைக் கழற்றி வெளியே கழுவுங்கள். சில ஃப்ரிட்ஜ்களில் தகட்டுக்குக் கீழே ஒரு சிறிய தட்டு மட்டும் இருக்கும். வேறு சிலவற்றில் பின்சுவரின் அடியில் ஒரு வாய்க்கால், அதில் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு துளை. மீன் பொட்டலத்திலிருந்து வழிந்த தண்ணீரும் பாலும் போய்ச் சேரும் இடம் அந்தத் துளைதான். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் நாற்றம் போகவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு அங்கேதான் மிச்சமிருக்கிறது. ஊசி இல்லாத பழைய சிரிஞ்சால் சோடா நீரைப் பீய்ச்சி, மறுமுனையில் தெளிவாக வரும்வரை விடுங்கள்.

மாவு தனி ரகம். 4 டிகிரியில் இட்லி மாவு ஏறக்குறைய அடங்கிக் கிடக்கும். வண்டி ஃப்ரிட்ஜோ கதவை அடிக்கடி திறப்பதால் பல நேரம் 8, 10 டிகிரியில்தான் நிற்கும். மாவு மெதுவாகப் பொங்கிக்கொண்டே இருக்கும். வண்டி குலுக்கலில் மூடி விலகி, கதவு ரப்பரின் மடிப்புக்குள் இறங்கிவிடும். காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து அந்த மடிப்பை விரித்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. ஆகவே ரப்பரைச் சுற்றி நான்கு பக்கமும் விரலால் விரித்து, ஈரத்துணியைச் சுற்றிய ஐஸ்க்ரீம் குச்சியால் துடைக்க வேண்டும். பூஞ்சை வந்துவிட்டிருந்தால் வினிகரில் நனைத்த துணி போதும். வினிகரையும் பிளீச்சையும் சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு பழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, ஃபினாயில் ஊற்றித் துடைப்பது. மற்றொன்று, கரப்பான் வராமல் இருக்க உள்ளே அந்துருண்டை போட்டுச் சாத்துவது. இரண்டின் வாசனையும் உள்சுவர் பிளாஸ்டிக்கில் ஏறிவிடும்; அடுத்த பயணத்தில் தயிர், வெண்ணெய் எல்லாம் அதே வாசனை அடிக்கும். அந்துருண்டை உணவுப் பொருள் பக்கமே வரக் கூடாத விஷம். நாற்றம் போக அடுப்புக்கரித் துண்டுகளோ காப்பித்தூளோ ஒரு கிண்ணத்தில் வையுங்கள், அது போதும்.

துடைத்தபின் உலர்ந்த துணியால் ஒருமுறை, பிறகு கதவைத் திறந்தபடி நாலைந்து மணி நேரம். அதன்பின் வண்டி நிற்கும் காலம் முழுக்க கதவு இரண்டு, மூன்று செ.மீ. திறந்தே இருக்க வேண்டும். காற்றுப் புகாத பெட்டிக்குள் கொஞ்சம் ஈரமும் 30 டிகிரி வெப்பமும் இருந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? வண்டிக்கென்றே செய்த ஃப்ரிட்ஜ்களின் தாழ்ப்பாளில் இதற்கென்று இரண்டாவது நிலை உண்டு. கதவைச் சற்றுத் திறந்த நிலையில் பூட்டி வைக்கும். அதுதான் அதன் பயன் என்று தெரியாமலே பல வருடம் வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தாழ்ப்பாள் இல்லையென்றால் ஒரு ஸ்பாஞ்சை மடித்து இடையில் வைத்து, துணி நாடாவால் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால், பெட்ரோல் பங்க் வரை வண்டியை எடுக்கும்போது கதவு வீசி அடித்துக் கீல் உடையும். மேல்மூடி உள்ள பெட்டி ஃப்ரிட்ஜ் என்றால் மூடியையே கழற்றித் தனியே வைப்பது நல்லது. விளையாடும் குழந்தைகள் உள்ளே இறங்கி மூடிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

ரப்பர் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று பார்க்கப் பத்து ரூபாய் நோட்டு ஒன்று போதும். நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. வெந்நீரில் பிழிந்த துணியால் ரப்பரைச் சூடாக்கி நீவிவிட்டால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. காற்றுப் போகும் கிரில்லைக் கழற்றி, கண்டென்சரில் (வெப்பத்தை வெளியே விடும் பகுதி) படிந்த தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஃபேன் கையால் சுற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். வண்டி நின்றால் எறும்பும் பல்லியும் எலியும் குடியேறுவது அந்தக் கதகதப்பான மூலையில்தான். எலிக்கு ஒயர் மேல் தனி ஆசை. கிரில்லுக்கு உள்பக்கம் ஆறு மி.மீ. கண்ணுள்ள இரும்பு வலை அடித்துவிடுங்கள். ராமேஸ்வரம், தனுஷ்கோடி பக்கம் போய் வந்த வண்டி என்றால் உப்புக் காற்று டெர்மினல்களில் (ஒயர் இணையும் முனைகள்) பச்சை பூக்க வைக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். இதெல்லாம் கட்-ஆஃப் ஸ்விட்ச்சை அணைத்த பிறகு.

ஒயர் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு வேலைக்கு வாங்கிய 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரையே வண்டி ஃப்ரிட்ஜுக்கும் இழுத்துவிடுகிறார்கள். பேட்டரியிலிருந்து நான்கு மீட்டர் தூரம் என்றால், போக வர எட்டு மீட்டர். 5 ஆம்பியரில் அரை வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பேட்டரி 11.9 காட்டும்போது ஃப்ரிட்ஜுக்குக் கிடைப்பது 11.4. கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் இழுவை இன்னும் அதிகம் என்பதால் பேட்டரி நன்றாக இருந்தும் பாதுகாப்பு வெட்டும். நான்கு மீட்டருக்கு 4 ஸ்கொயர் எம்.எம்., ஆறு மீட்டருக்கு 6 என்பது கம்ப்ரஸர் தயாரிப்பாளரே சொல்லும் அளவு. 15 ஆம்பியர் ஃப்யூஸ், பேட்டரியின் அருகிலேயே. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி ஓட்டுவது அவசரத்துக்குச் சரி. நிரந்தரமாக வைத்தால் குலுக்கலில் தளர்ந்து சூடேறி உருகும்.

செலவைக் குறைக்கிறேன் என்று சிலர் வீட்டு மினி ஃப்ரிட்ஜையோ, ஓட்டல் அறைகளில் இருக்கும் சத்தமில்லாத குட்டி ஃப்ரிட்ஜையோ இன்வெர்ட்டரில் மாட்டித் தருகிறார்கள். ஓட்டல் ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸரே கிடையாது. ஹீட்டரால் அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கிக் குளிர்விக்கும் வகை அது. 70 வாட் ஹீட்டர் நம் வெயிலில் ஓயாமல் எரிந்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நாளொன்றுக்கு 140 ஏ.எச். போகும், இன்வெர்ட்டர் தின்பது தனி. வெளிவெப்பத்தைவிட 20, 25 டிகிரிதான் குறைக்கும். 38 டிகிரி வெயிலில் பால் கெடும். வண்டி சரிவில் நின்றால் குளிர்வதே நின்றுபோகும். மலைப் பயணத்துக்கு இதைவிடப் பொருந்தாத சாமான் கிடையாது. வீட்டு மினி ஃப்ரிட்ஜ் அந்த அளவுக்கு மோசமில்லை, ஆனால் இன்வெர்ட்டர் சும்மா கிடந்தாலே மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும். நிறுத்தும்போது இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும் என்பது பலருக்கு நினைவுக்கே வராது.

பேட்டரி லெட்-ஆசிட் என்றால் முழு சார்ஜில் நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை மல்டிமீட்டரில் பாருங்கள், 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள். லித்தியம் என்றால் நேர்மாறு: மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் 50, 60 சதவீதத்தில் விடுவதுதான் அதற்கு நல்லது. முழுக்கக் காலியான லித்தியம் பேட்டரியில் உள்ளிருக்கும் பாதுகாப்புப் போர்டு வெளியீட்டையே துண்டித்துவிடும். சாதா சார்ஜர் அதை பேட்டரி என்றே கண்டுகொள்ளாது. "பேட்டரி செத்துப்போச்சு" என்று அதை எடைக்குப் போடும் முன், லித்தியத்துக்கான சார்ஜரை மாட்டிப் பாருங்கள்.

மறுபடி கிளம்பும்போது, முந்தின நாளே வீட்டுக் கரண்டில் காலி ஃப்ரிட்ஜை ஓட விடுங்கள். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வையுங்கள். காலையில் 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் சாமான் ஏற்றலாம், அதுவும் வீட்டு ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே குளிர்ந்ததை மட்டும். சூடான சாம்பாரை வைத்தால் அது குளிர்வதற்குள் பக்கத்தில் இருக்கும் பால் திரியும். இன்சுலின் எடுத்துச் செல்பவர்களுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். உறைந்தால் வீண், அதனால் தகட்டை ஒட்டி வைக்கக் கூடாது.

ஓடவில்லை என்றால் பதற வேண்டாம். கண்ட்ரோல் யூனிட்டில் எல்.இ.டி. இணைக்கப்பட்டிருந்தால் அது எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். ஒரு முறை என்றால் வோல்ட்டேஜ் போதவில்லை, இரண்டு முறை என்றால் ஃபேனில் கோளாறு, மூன்றும் நான்கும் கம்ப்ரஸர் கிளம்பவோ வேகமெடுக்கவோ முடியாமல் திணறுவது, ஐந்து கண்ட்ரோல் யூனிட் சூடேறியது. வருகிற புகார்களில் பெரும்பகுதி ஒரு சிமிட்டல்தான். அதற்கு மருந்து ஒயரிலும் டெர்மினலிலும் இருக்கிறது. கம்ப்ரஸர் ஓடியும் இருபது நிமிடத்தில் தகடு சில்லிடவில்லை என்றால் கேஸ் போயிருக்கலாம். இந்தச் சிறிய ஃப்ரிட்ஜ்களுக்குத் தேவை பெரும்பாலும் 30 முதல் 60 கிராம் கேஸ்தான். சரியான அளவு லேபிளில் இருக்கும். வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போடுவதுபோல கையால் தொட்டுப் பார்த்து நிரப்பினால் அதிகமாகி கம்ப்ரஸர் திணறும். தராசு வைத்து நிரப்பும் மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். லேபிளில் ஆர் 600ஏ என்று இருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு. வண்டிக்குள் வைத்து அந்த வேலையைச் செய்ய விடாதீர்கள்.

வாடகைக்கு வண்டி எடுக்கும் வாசகர்களுக்கு ஒன்று. சாவி வாங்கும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து முகர்ந்து பாருங்கள், ரப்பர் மடிப்பை விரித்துப் பாருங்கள், பேட்டரி எத்தனை வோல்ட் என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜ் ஒரு மணி நேரம் ஓடியபின் 12.2-க்குக் கீழே காட்டும் லெட்-ஆசிட் பேட்டரி, மலையேறி முதல் இரவையே தாண்டாது. வேறு வண்டி கேளுங்கள்.

இப்படிக்கு,
வாகனக் குளிர்சாதன மெக்கானிக் ஒருவர்,
கோயம்புத்தூர்.